கீழே இருந்தவர்களை மேலே அழைத்தவன்

ஓடுகிறார்கள்.

ஐந்தருவி. ஆடி மாதம். பிற்பகல். முதலில் விசில். ஒரே நீட்டு. அதன் மேல் இன்னொன்று. பிறகு சைரன்.

"வெள்ளம் வருது. வெளிய வாங்க. எல்லாரும் வெளிய வாங்க."

காவலர் ஒருவர் படியில் நின்று கத்துகிறார். அருவிக்கு அடியில் நின்றவர்கள் நின்ற கோலத்தில் ஓடி வருகிறார்கள். தலையில் எண்ணெய். கையில் சோப்பு. ஒரு பெண் ஈரச் சேலை தடுக்கி விழுகிறாள். எழுந்து மறுபடி ஓடுகிறாள். தண்ணீர் எங்கே, எவ்வளவு, யார் பார்த்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. சத்தம் வந்தது. ஓடினார்கள்.

நான் ஓடவில்லை. கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். கத்துகிற காவலரின் முகத்தைப் பார்க்கிறேன். அவர் சொல்வது உண்மையா என்று எனக்குத் தெரிய வேண்டும்.

காதர் வந்து என் தோளைப் பிடித்து இழுத்தார். கடையநல்லூர்க்காரர். படிக்கு மேலே பழக்கடை வைத்திருக்கிறார். நான் தினமும் போய் உட்காருகிற கடை.

"என்ன அண்ணாச்சி, கம்பத்தோட கம்பமா நிக்கிய? காது கேக்கலையா?"

"கேட்டுச்சு."

"கேட்டா ஓடணும்லா. குளிக்க வந்தவனெல்லாம் ஓடுதான். குளிக்காமச் சும்மா வேடிக்கை பாக்க வாற ஒரே ஆளு நீங்கதான். ஒங்கள வெள்ளம் அடிச்சிட்டுப் போனா என் மங்குஸ்தான யாரு தடவித் தடவிப் பாப்பா?"

அவர் பேசி முடிக்கவில்லை. வந்தது. செம்மண் நிறம். ஒரு முழு மரக்கிளை. நான் பிடித்திருந்த கம்பிக்கு மேலே ஏறிப் போனது.

காவலர் சொன்னது உண்மை.

நான் ஒருமுறை அப்படிக் கத்தினேன். நான் சொன்னது உண்மையில்லை. அதை எழுதுகிறேன்.

எனக்கு எழுபது வயது. பிறந்தது இலத்தூர். சோவியத் நாட்டில் படிக்க உதவித்தொகை கிடைத்தது. போனேன். உக்ரைனின் கிழக்கே, தோனெத்ஸ்க் பக்கம். சுரங்கப் பொறியியல். படித்து முடித்துத் திரும்பியிருக்க வேண்டும். கலீனாவைக் கட்டிக்கொண்டு அங்கேயே தங்கினேன். நிலக்கரிச் சுரங்கம். எழுநூறு மீட்டர் ஆழம். முப்பது வருடத்துக்கு மேல் இறங்கி ஏறினேன்.

கலீனா அந்தச் சுரங்கத்தின் விளக்கு அறையில் வேலை பார்த்தாள். கீழே இறங்குகிற ஒவ்வொருவனும் தன் எண் அடித்த உலோக வில்லையை அங்கே கொடுப்பான். வில்லையைப் பலகையில் மாட்டிவிட்டு அவனுக்கு விளக்கு கொடுப்பார்கள். ஏறி வந்ததும் விளக்கைக் கொடுத்து வில்லையை வாங்க வேண்டும். பலகையில் வில்லை தொங்கினால் ஆள் இன்னும் மேலே வரவில்லை என்று அர்த்தம். கலீனா அந்தப் பலகையைப் பார்த்துக்கொண்டேதான் தேநீர் குடிப்பாள்.

ஒரு மகன். ஊருக்குப் பக்கத்து இலஞ்சிக் குமாரர் கோயிலை நினைத்துக் குமார் என்று பெயர் வைத்தேன். அவனுக்குத் தமிழ் என்னிடமிருந்து மட்டும்தான். நான் அவனை ஏலே என்றேன். அவனும் என்னை ஏலே என்றான். பத்து வயதில் ஊருக்கு அழைத்து வந்தபோது என் தங்கை செண்பகம் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"பெத்த அப்பனப் போயி ஏலேங்குதான். நீயும் சிரிச்சிக்கிட்டு நிக்கே அண்ணே."

"எனக்கு வேற தமிழ் தெரியாது அத்தே" என்றான் குமார். அன்று சாயங்காலம் இதே ஐந்தருவியில் நின்று, "ஏலே அப்பா, வாலே" என்று கத்தினான். சுற்றி நின்றவர்கள் குளிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

வளர்ந்து அதே சுரங்கத்தில் பம்பு மெக்கானிக் ஆனான். நான்தான் சொல்லிச் சேர்த்தேன். கீழே தண்ணீர் ஊறிக்கொண்டே இருக்கும். பம்பு நின்றால் சுரங்கம் போய்விடும். சுரங்கத் தொலைபேசியில் நாங்கள் தமிழில் பேசுவோம். இந்தியர்கள் சதி செய்கிறார்கள் என்று மற்றவர்கள் கேலி செய்வார்கள். நாங்கள் பேசியது இரவுக்கு என்ன குழம்பு என்பது.

இப்போது ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும்.

நிலக்கரியில் வாயு உண்டு. அடைபட்டால் மூச்சு போகும். ஒரு பொறி பட்டால் வெடிக்கும். "கேஸ்" என்று ஒருவன் கத்தினால் யாரும் கேள்வி கேட்கக் கூடாது. கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓட வேண்டும். கேட்டவன் அடுத்தவனுக்குக் கத்த வேண்டும். நான் சேர்ந்த முதல் வருடம் அப்படி ஒரு கத்தலில்தான் பிழைத்தேன்.

ஒரு பையன் விளையாட்டுக்குக் கத்தினான். புதிதாகச் சேர்ந்தவன். சாப்பாட்டு நேரம். ஒரு ஷிஃப்ட் முழுதும் இருட்டில் விழுந்து எழுந்து ஓடியது. மறுநாள் கலீனா அவனுக்கு விளக்கு கொடுக்கவில்லை. மேலாளர் வந்து சொன்னார். மாட்டேன் என்றாள். உணவகத்தில் அவன் எங்கள் மேசைக்கு வந்து உட்கார்ந்தான். நாங்கள் தட்டுகளை எடுத்துக்கொண்டு வேறு மேசைக்குப் போனோம். யாரும் திட்டவில்லை. ஒரு சொல் கிடையாது. அடுத்த நாளும் அப்படியே. அந்த மாதம் முடிவதற்குள் அவன் ஊரைவிட்டே போய்விட்டான்.

தட்டைத் தூக்கியவர்களில் நானும் ஒருவன்.

இரண்டாயிரத்துப் பதினான்கில் சண்டை வந்தது. கலீனா அதற்கு முந்தைய வருடம் நோயில் போயிருந்தாள். எங்கள் ஊர் உக்ரைனிலிருந்து பிரிந்து நின்றவர்கள் கைக்குப் போனது. சத்தங்களைப் பிரித்தறியக் கற்றுக்கொண்டோம். இங்கிருந்து போகும் குண்டு, கதவை அறைகிற சத்தம். அங்கிருந்து வருவது, துணியைக் கிழிக்கிற சத்தம். கிழிகிற சத்தம் திடீரென்று நின்றால் தரையில் படுக்க வேண்டும்.

செண்பகம் தொலைபேசியில் அழைத்துக்கொண்டே இருந்தாள்.

"பிள்ளையக் கூட்டிக்கிட்டுக் கெளம்பி வா அண்ணே. இங்கன என்ன சோத்துக்கா பஞ்சம்?"

அடங்கட்டும் என்றேன். எட்டு வருடம் அதையே சொன்னேன். இதற்கிடையில் குமார் வேராவைக் கல்யாணம் செய்தான். வேராவும் சுரங்கக்காரன் மகள். நீனா பிறந்தாள். வேராவின் தம்பி அந்தோன் பள்ளி முடித்ததும் சுரங்கத்தில் சேர்ந்தான். சுரங்கத்துக்காரர்களைப் பட்டாளத்துக்கு எடுக்க மாட்டார்கள் என்று எல்லோரும் நம்பினோம்.

இரண்டாயிரத்து இருபத்திரண்டு, பிப்ரவரி. உடல் திடமுள்ள ஆண்கள் எல்லோரும் பட்டாளத்துக்கு வர வேண்டும் என்று அறிவித்தார்கள். சந்தையில் பிடித்தார்கள். பேருந்து நிறுத்தத்தில் பிடித்தார்கள். பிறகு சுரங்க வாசலுக்கு வந்தார்கள்.

ஒரு ஷிஃப்ட் மேலே வர மறுத்துவிட்டது. பதினொரு பேர். அதில் குமாரும் அந்தோனும். கூண்டு லிஃப்டை இயக்குகிறவர் நல்லவர். வீடுகளிலிருந்து ரொட்டியும் சுடுதண்ணீர் பிளாஸ்க்கும் கீழே போயின. வேரா ஒருநாள் புளிக்குழம்பு வைத்து அனுப்பினாள். புளிக்குப் பதில் காய்ந்த பிளம்.

நான் மேலே இருந்தேன். ஓய்வு பெற்றவனை ஆள் பற்றாக்குறையில் திரும்பக் கூப்பிட்டிருந்தார்கள். தொலைபேசி அறையில் வேலை. சுவரில் வாயு மீட்டர்கள். மேசையில் கீழே பேசுகிற தொலைபேசி. ஒலிபெருக்கியும் அதிலேயே. நான் பேசினால் கீழே எல்லாச் சுரங்கப் பாதையிலும் கேட்கும்.

மூன்றாம் நாள் காலை. கண்ணாடிகள் அதிர்கின்றன. கதவை அறைகிற சத்தம். மறுபடி. மறுபடி. ஜன்னல் வழியே ஒரு பேருந்து தெரிகிறது. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கிறது.

அதிகாரி உள்ளே வருகிறார். சின்ன வயது. சளி பிடித்திருக்கிறது. என்னிடம் தேநீர் கேட்டு வாங்கிக் குடிக்கிறார். மிரட்டவில்லை. கீழே பம்பு பார்க்கிறவன் உன் மகன்தானே என்கிறார். ஆமாம் என்கிறேன். பம்புக்கு ஆள் வேண்டும், அது எனக்கும் தெரியும், அவனை விட்டுவிடுகிறேன் என்கிறார். மற்றவர்களை மேலே கொண்டுவா. எப்படி என்று நீயே யோசி. நீ படித்தவன்.

யோசித்தேன். தேநீர் ஆறவில்லை. அதற்குள் யோசித்துவிட்டேன்.

சுவர் மீட்டரைப் பார்த்தேன். முள் தன் வழக்கமான இடத்தில் இருந்தது. தொலைபேசியை எடுத்தேன்.

"கேஸ்! எல்லாரும் மேலே! கேஸ்! கேஸ்!"

அவர்கள் மொழியில் கத்தினேன். பிறகு தமிழில் சொன்னேன்.

"ஏலே குமாரு. நீ மெதுவா வா. கடைசி ஆளா வா."

பேருந்து முதலில் நிறையட்டும் என்று அப்படிச் சொன்னேன்.

கீழே காலடிச் சத்தம். ஒருவர் மற்றவருக்குக் கத்துகிற சத்தம். என் சொல் பாதை பாதையாகப் போகிறது. அதற்குப் பின்னால் பம்பு ஓடுகிற சத்தம். பிறகு குமாரின் குரல்.

"கேஸுன்னா எப்படிலே மெதுவா வர?"

தொலைபேசியை வைத்துவிட்டேன்.

கூண்டு ஏறியது. பத்துப் பேர். கரி முகங்கள். வாயில் வாயுவுக்குத் தற்காப்பான மூச்சுக் கருவி. அந்தோன் இருமிக்கொண்டே என் ஜன்னலுக்கு ஓடி வந்தான். குமார் எங்கே என்று கேட்டான். இன்னும் கீழேயா என்றான். திரும்பிக் கூண்டை நோக்கி ஓடினான். குமாரைத் தூக்கி வர. ஒரு சிப்பாய் அவன் சட்டைக் காலரைப் பிடித்தான்.

அப்போதுதான் பேருந்தைப் பார்த்தார்கள். ஹெல்மெட்டோடு ஏற்றினார்கள். விளக்கைக் கொடுக்க விடவில்லை. பத்து விளக்குகளும் தலையில் எரிந்துகொண்டே பேருந்துக்குள் போயின. பெத்ரோ எல்லோருக்கும் மூத்தவர். ஓய்வு பெற ஒரு வருடம் இருந்தது. அவர் படியில் நின்று தலையைத் தூக்கினார். காற்று அனுப்புகிற பெரிய விசிறி ஓடுகிற சத்தத்தைக் கேட்டார். விசிறி நின்றால்தான் வாயு சேரும். அது நிற்கவே இல்லை. பிறகு என்னைப் பார்த்தார். ஏறிவிட்டார்.

கூண்டு மறுபடி ஏறியது. குமார். ஓடி வரவில்லை. நடந்து வந்தான். விளக்கு அறைக்குப் போனான். விளக்கைக் கொடுத்தான். வில்லையை வாங்கினான். என் ஜன்னலுக்கு வந்தான். கண்ணிமையில் கரி, மை இட்டது போல.

"கேஸ் இல்லைல்லா?"

சுவர் மீட்டர் பக்கம் திரும்பினேன்.

"அந்தோனும் பஸ்ஸுலயா?"

"ஒன்ன விட்டுருதேன்னு சொல்லிட்டாம்லே. பம்புக்கு ஆள் வேணும்லா. ஒன் பிள்ளைய நெனச்சுப் பாரு."

"பெத்ரோ வீட்லயும் பிள்ளை இருக்கு."

"ஏலே, சொன்னாக் கேளு."

"நான் கீழ நின்னு பம்பு ஓட்டுவேன். அவங்க எனக்குப் பதிலாப் போவாங்க. அந்தோன் எங்கன்னு வேரா கேட்டா நீயே சொல்லிக்கிடுவியா?"

வில்லையை ஜன்னல் விளிம்பில் வைத்தான். பேருந்தைப் பார்த்தான். பிறகு சொன்னான்.

"நீங்க உள்ள போங்க. குளிருது."

நீங்க என்றான்.

போனான். அதிகாரி கையை நீட்டித் தடுத்தார். சொன்ன சொல்லைக் காப்பாற்றப் பார்த்தார், அதைச் சொல்லத்தான் வேண்டும். குமார் அவரிடம் ஏதோ பேசினான். எனக்குக் கேட்கவில்லை. அதிகாரி ஒதுங்கி வழிவிட்டார். என் மகனை யாரும் பட்டாளத்துக்குப் பிடித்துப் போகவில்லை. அவனே ஏறினான். ஏற வைத்தது நான்.

கதவு மூடியது. கதவை அறைகிற சத்தம். அது குண்டா, பேருந்தின் கதவா, இன்றும் தெரியவில்லை.

வசந்த காலத்தில் சில முறை வேராவை அழைத்தான். நீனாவிடம் பேசினான். என்னைக் கேட்கவில்லை. கோடையில் ரொமான் திரும்பி வந்தான், ஒரு கால் இல்லாமல். அன்று ஏறியவர்களில் ஒருவன். எங்கள் வீட்டு வாசலில் நின்றான். வேரா உள்ளே வரச் சொன்னாள். வரவில்லை. நாற்காலி போட்டாள். உட்காரவில்லை. ஊன்றுகோலில் நின்றபடியே சொன்னான். குமாரும் அந்தோனும் ஒரே குழியில் இருந்தார்கள். ஒரே குண்டு. எடுக்க எதுவும் இல்லை.

அவன் போன பிறகு வேரா என்னிடம் கேட்டாள். அன்று உண்மையில் வாயு வந்ததா?

குண்டு விழுந்து மின்சாரம் போயிற்று, விசிறி நின்றது என்றேன். பேருந்து நின்றதை நான் பார்க்கவில்லை என்றேன். அவள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். நீங்கள் அவர்களைக் காப்பாற்றத்தான் பார்த்தீர்கள் என்றாள்.

அதன் பிறகு கிளம்பினோம். மூன்று பேர், இரண்டு பை. எல்லையில் ஒரு பகலும் இரவும். ரஸ்தோவ். மாஸ்கோ. டெல்லி. திருவனந்தபுரம். ஆரியங்காவு வழியாகச் செங்கோட்டை. மலை இறங்கும்போது ஒரு லாரி டயர் வெடித்தது. நானும் வேராவும் ஒரே நேரத்தில் நீனா மேல் விழுந்தோம். பேருந்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பிறகு சிரிப்பதை நிறுத்தினார்கள்.

இப்போது தென்காசியில் இருக்கிறோம். வேரா குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் வேலை பார்க்கிறாள். நீனா பள்ளிக்கூடம் போகிறாள். தோழிகளை ஏட்டி என்று கூப்பிடுகிறாள். எனக்குத்தான் ஓரிடத்தில் உட்கார முடிவதில்லை. மதியத்தில் கல்குவாரியில் வெடி வைக்கிறார்கள். முன்பே தெரியும். தெரிந்தும் தரையில் படுக்கிறேன். வீட்டில் நடக்கிறேன். தெருவில் நடக்கிறேன். குற்றாலம்வரை, ஐந்தருவிவரை போகிறேன். அருவிச் சத்தத்தில் வேறு எதுவும் கேட்காது. நான் குளிக்கப் போவதில்லை. எப்படிலே மெதுவா வர என்று குமார் கேட்பது அங்கே மட்டும் கேட்காது.

வெள்ளம் வந்த அன்று அதுவும் கேட்டது.

காதர் என்னை ஆட்டோவில் ஏற்றிவிட்டார். "இனிமே ஓடலைன்னா கடைப்பக்கம் சேக்க மாட்டேன் அண்ணாச்சி" என்றார். வீட்டுக்கு வந்தேன். வேரா உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். சொன்னேன். அவள் மொழியில் சொன்னேன். தேநீர் குடித்த அதிகாரியை. பேருந்தின் எஞ்சினை. மீட்டரை. தமிழில் குமாரிடம் சொன்னதை. எதையும் விடவில்லை.

அவள் உரிப்பதை நிறுத்தவில்லை. எல்லாம் முடிந்ததும் ஒன்று கேட்டாள்.

அந்தோன் ஓடி வந்தானா?

ஓடி வந்தான் என்றேன். குமாரைத் தூக்கி வரத் திரும்பிப் போகப் பார்த்தான் என்றேன்.

தலையசைத்தாள். சமைத்தாள். மேசையில் என் தட்டை வைத்தாள். சோறு போட்டாள். குழம்பு ஊற்றினாள். பிறகு தன் தட்டையும் நீனாவின் தட்டையும் எடுத்துக்கொண்டு புறவாசலுக்குப் போனாள். ஒரு சொல் இல்லை. அவளும் சுரங்கக்காரன் மகள்.

மறுநாளும் அப்படி. அதற்கடுத்த நாளும். இலத்தூரிலிருந்து வந்த செண்பகம் இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்தாள்.

"என்ன அண்ணே, சொத்துச் சண்டையா? ஆளுக்கொரு தட்டத் தூக்கிக்கிட்டு வாசலுக்கு ஒண்ணு, வீட்டுக்கு ஒண்ணா உக்காந்திருக்கிய?"

"அவ செய்யுதது சரிதான் செண்பகம்."

"என்னத்தச் சரி? வயசான மனுசன் ஒத்தையில உக்காந்து தின்னுதது சரியா?"

அவளிடமும் சொன்னேன். கேட்டுவிட்டு எழுந்தாள். தன் தட்டில் சோறு போட்டுக்கொண்டாள். என் எதிரே உட்கார வந்தவள் நின்றாள். புறவாசலைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். தட்டோடு நடுவீட்டிலேயே, நின்றபடி சாப்பிட்டாள்.

நீனாவுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும். ஒருநாள் இதையும் வாசிப்பாள். அதனால் எதையும் மெருகேற்றவில்லை.

நான் கூப்பிட்டு மேலே வந்தவர்கள்:

பெத்ரோ. உடல் வரவில்லை. மிகொலா. அடக்கம் செய்தார்கள், எங்கே என்று மனைவிக்குத் தெரியாது. ஸாஷா, யூரா, அண்ணன் தம்பி. ஒரு வாரத்துக்குள் இருவரும். கோஸ்த்யா. கல்யாணத்துக்கு நாள் குறித்திருந்தான். ஒலெக். தெனிஸ். இந்த இருவரைப் பற்றி எந்தத் தகவலும் இல்லை. ரொமான். இருக்கிறான், ஒரு காலோடு. இகோர். இருக்கிறான், பேசுவதில்லை. அந்தோன். இருபது வயது ஆகவில்லை.

குமார். பம்பு மெக்கானிக். என் மகன்.

பதினொரு பேர். உயிரோடு திரும்பியது இரண்டு.

பம்பு பார்க்க ஆளில்லாமல் சுரங்கத்தில் தண்ணீர் ஏறிவிட்டது. கலீனாவின் கல்லறை இருக்கும் பக்கம் போக முடியாது. விளக்கு அறைப் பலகையில் பத்து வில்லைகள் தொங்கிக்கொண்டிருந்தன. அந்தக் கட்டடம் இப்போது இல்லை. பதினோராவது வில்லை என் சட்டைப்பையில் இருக்கிறது.

வாயு மீட்டரின் முள் அன்று முழுவதும் அசையவில்லை.